விளையாட்டு நோட்டில் வியாபாரம் கற்றுக்கொடுத்தவர்

ஈஸ்ட்மேன் என்றதும் கோடக் கேமரா ஞாபகம் வருகிறதா? இவர் அவர் இல்லை. கோடக்கின் ஜார்ஜ் ஈஸ்ட்மேனுக்குச் சொந்தக்காரர், ஹார்வி ஈஸ்ட்மேன். காமர்ஸ் படிக்கிற நாம் பெயரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆள்.

1832-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்ற பகுதியில் பிறந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போனால் லத்தீன், கிரேக்கம் படிக்கலாம். கணக்கு எழுதக் கற்க வேண்டுமென்றால் யாராவது ஒரு வணிகரிடம் எடுபிடியாகச் சேர்ந்து பார்த்துப் பழக வேண்டியதுதான். இந்த இடைவெளியில் முளைத்தவைதான் வணிகக் கல்லூரிகள். சில மாதப் படிப்பு, கையெழுத்து, கணக்குப் பதிவு, வணிகக் கடிதம், அவ்வளவுதான். எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் 1855-ல் கிளீவ்லாந்தில் இப்படி ஒரு கல்லூரியில் படித்துவிட்டுத்தான் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

கோடக் ஜார்ஜின் அப்பாவும் ரோச்செஸ்டரில் ஒரு வணிகக் கல்லூரி வைத்திருந்தார். ஆக, இது அவர்கள் குடும்பத் தொழில் மாதிரி. ஹார்வி 1859 நவம்பரில் ஹட்சன் நதிக்கரையில் உள்ள போகீப்ஸி ஊரில் தன் கல்லூரியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுடன் ஆரம்பித்தது, 1860-களின் நடுவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்கு வேலை வேண்டும், கம்பெனிகளுக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும். காலம் அவருக்குக் கைகொடுத்தது. விளம்பரமும்தான்! மனிதர் விளம்பரத்தில் மன்னன். 'வேலை நிச்சயம்' என்று இன்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டுகிற இன்ஸ்டிடியூட்காரர்களுக்கெல்லாம் இவர் கொள்ளுத்தாத்தா.

ஆனால் விளம்பரத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத மாட்டேன். பாடம் நடத்திய விதம்தான் விஷயம். நமக்கெல்லாம் 'ராமு ரொக்கம் கொண்டு வியாபாரம் தொடங்கினார்' என்று கணக்கு கொடுப்பார்கள். ராமுவை நாம் பார்த்ததே இல்லை. ஈஸ்ட்மேன் மாணவனையே ராமு ஆக்கினார். முதலில் கணக்குப் பாடம். அப்புறம் கையில் முதல் கொடுத்து வியாபாரத்தில் இறக்கிவிடுவார்கள். கல்லூரிக்குள்ளேயே வங்கி இருந்தது. கல்லூரி வங்கியின் பெயரில் நிஜ நோட்டு மாதிரியே அச்சடித்த விளையாட்டு நோட்டுகளும் இருந்தன. வாங்கு, விற்பனை செய், பில் போடு, வங்கியில் கட்டு, அத்தனைக்கும் நீயே கணக்கு எழுது. தப்பாக எழுதினால் உன் கணக்குதான் உதைக்கும். செல்லாத அந்த நோட்டுகளை இன்று பழைய நாணயம் சேகரிப்பவர்கள் நல்ல காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை.

இது கல்வியா, வெறும் வேலைப் பயிற்சியா என்று கேட்கலாம். லத்தீன் படிக்க வசதியும் வருடங்களும் இல்லாத ஒரு கிராமத்துப் பையனுக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆடம்பரம் என்பது என் கருத்து. பிற்பாடு 1889-ல் இங்கே கணக்குப் படித்துவிட்டுப் போன கிரெஸ்கி என்ற இளைஞர் தொடங்கிய கடைகள்தான் கே-மார்ட் ஆக வளர்ந்தன.

பிரையண்ட், ஸ்ட்ராட்டன் என்ற இரு போட்டியாளர்கள் ஊர் ஊராகக் கிளை திறந்தார்கள். ஈஸ்ட்மேனோ போகீப்ஸியிலேயே ஊன்றிவிட்டார். 1871-ல் மேயர் ஆனார். 1872-ல் அந்த ஊரில் ஆற்றுநீரை மணலில் வடிகட்டிக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல்.

ஹட்சன் மேல் ரயில் பாலம் வேண்டும் என்று ஓயாமல் அலைந்தவரும் இவர்தான். 1873-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதே வருடம் வந்த பொருளாதாரச் சரிவில் வேலை முடங்கியது. 1878-ல், இரண்டாம் முறை மேயராக இருந்தபோதே, டென்வரில் இறந்துபோனார். வயது 45. பாலத்தில் ரயில் ஓட இன்னும் பத்து வருடங்கள் ஆயின.

கல்லூரி 1931-ல் மூடப்பட்டது. பாலத்தில் 1974-ல் தீப்பிடித்து ரயில் நின்றுபோனது. 2009-ல் அதை நடைபாதையாக மாற்றித் திறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம், காலாற நடக்கலாம்.