கேட்டவரே தீர்ப்பெழுத வேண்டும்

திருவெறும்பூரில் 1965-இல் தொடங்கிய பெல் ஆலையின் உயரழுத்தக் கொதிகலனுக்கு சீம்லெஸ் குழாயே நரம்பு. பழுக்கக் காய்ந்த எஃகுக் கட்டியை நடுவே துளைத்து உருட்டி நீட்டுவதால் அதில் பற்றவைத்த தடம் இராது. பற்றவைத்த இடத்தைப் பிளந்துகொண்டு நீராவி வெளியேற வழி கிடைக்காது. இந்தக் குழாயைச் செய்யும் ஆலையும் திருச்சியில் உண்டு. கொதிகலன் வேலையை நம்பிய சிறு பட்டறைகளும் திருச்சியை அடுத்த துவாக்குடியில் உண்டு. சீனாவிலிருந்து வரும், 355.6 மில்லிமீட்டர் வரை வெளிவிட்டமுள்ள இவ்வகைக் குழாய்களுக்கு மத்திய அரசு 2017-இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. செய்பவருக்கு அது அரண், வாங்குபவருக்கு விலையேற்றம். இரு தரப்பும் ஒரே ஊரில் வாழும்போது, இருவர் வாதமும் முறையாகக் கேட்கப்பட்டதா என்பதே முதற்கேள்வி.

வணிக அமைச்சகத்தின் கீழுள்ள விசாரணை அதிகாரி, சொந்த நாட்டு விலைக்கும் கீழே பொருள் இங்கு வந்ததா, அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குச் சேதமா என்று ஆராய்ந்து பரிந்துரைப்பார். வரி விதிப்பது நிதி அமைச்சகம். 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டம், 9சி பிரிவின்படி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. டயர் உற்பத்தியாளர் சங்கம் தொடுத்த வழக்கில் ஓர் அதிகாரி வாதங்களைக் கேட்டார்; பின்னர் வந்தவரோ மீண்டும் கேட்காமலே முடிவெழுதினார். அது இயற்கை நீதிக்கு முரண் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிலையன்ஸ் வழக்கிலோ, 2006-இலேயே, இந்த விசாரணை வெறும் நிர்வாக வேலையன்று, நீதித்தன்மை கொண்டது என்று அந்நீதிமன்றம் உறுதி செய்திருந்தது.

நீதிபதிகள் பொருளியல் அறிஞர்கள் அல்லரே, விலைக் கணக்கில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வரி எவ்வளவு என்று கணக்கிட யாரும் அவர்களை அழைக்கவில்லை. சான்று காட்டப்பட்டதா, காரணம் சொல்லப்பட்டதா, கேட்டவரே எழுதினாரா என்று பார்ப்பதற்குப் பொருளியல் பட்டம் வேண்டாம். வழக்கு நீண்டால் அதற்குள் தொழில் நலிந்துவிடுமே என்னும் கவலையில் நியாயம் உண்டு. நீட்டிக்கப்படாவிட்டால் இவ்வரியின் ஆயுள் ஐந்தே ஆண்டு. ஆகவே தாமதம் இரு தரப்பையும் தின்னும். அதற்கு மருந்து, தீர்ப்பாயத்தில் விரைந்த விசாரணையும் நிரப்பப்பட்ட இருக்கைகளும். மேல்முறையீட்டைச் சுருக்குவது அன்று. ஸ்ரீரங்கத்திலிருந்து காலைப் பேருந்தில் துவாக்குடிக்குப் போகும் தொழிலாளி டெல்லி விசாரணை அறையில் வாதாட முடியாது. அவர் கூலியைத் தொடும் முடிவுக்குக் காரணம் எழுத்தில் இருக்கட்டும். அதைச் சோதிக்க ஒரு நீதிமன்றம் இருக்கட்டும். இது சலுகையன்று, உரிமை.