பதிவில் தொலைந்த பறவை: ஜெர்டான் கல்குருவியின் வரலாறு குறித்து

ஓர் உயிரினம் ‘கடைசியாகக் காணப்பட்டது’ என்று நூல்கள் குறிக்கும்போது, யாரால் காணப்பட்டது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ராயலசீமையின் முட்புதர் நிலங்களில் வாழும் ஜெர்டான் கல்குருவி அவ்வினாவை எழுப்புகிறது.

சென்னை மாகாணப் படை மருத்துவரான தாமஸ் ஜெர்டான் நெல்லூர், கடப்பா பகுதிகளில் கண்ட இப்பறவையை, 1848இல் எட்வர்டு பிளித் அறிவியல் முறைப்படி விவரித்தார். நீளம் ஏறத்தாழ 27 செ.மீ.; மார்பின் குறுக்கே இரு பட்டைகள். பின்னர் கோதாவரிப் பள்ளத்தாக்கிலும் சிலமுறை பதிவாயிற்று. 1900இல் அனந்தப்பூர் அருகே கண்டதோடு பதிவு நின்றது. இனம் அற்றுப்போயிற்று என்றே பலரும் கருதினர்.

1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் கடப்பா மாவட்டத்தில் இதனை மீண்டும் கண்டறிந்தார். பறவையைப் பிடித்துக் கொடுத்தவர் அவ்வூர் வேட்டைக்காரர் ஒருவர். இரவில் விளக்கொளியில் பிடித்தார். தேடல் தவறிய இடம் இங்கேதான் எனலாம். இந்தியக் கல்குருவி பகலில் திறந்த வெளியில் ஓடியாடுவது. அதன் உறவினமான இதுவோ பகலில் புதரில் பதுங்கி இரவில் இரை தேடுவது. பகலில் தேடியோர் கண்ணில் அது எவ்வாறு படும்? அருங்காட்சியகத் தோல்களில் கண்ணின் பெருமையை யாரும் அளந்து பார்க்க இயலாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தெலுங்கில் இதன் பெயர் ‘கலிவி கோடி’. கலிவி என்பது களாச்செடி. கோடி என்பது கோழி. வாழிடம் அறிந்தோரே வைத்திருக்கக்கூடிய பெயர் இது. ஆகவே 86 ஆண்டுகள் தொலைந்திருந்தது பறவையன்று, ஆங்கிலப் பதிவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆயினும் ஆங்கிலப் பெயர்வழக்கில் நிலைத்தது ஜெர்டானின் பெயர்தான்.

1988இல் ஸ்ரீ லங்கமல்லேசுவர வனவிலங்குச் சரணாலயம் இதன் பொருட்டே அமைந்தது. மெல்லிய மண் பரப்பிய பட்டைகளில் பதியும் கால்தடங்களையும் தானியங்கிக் கேமராக்களையும் கொண்டு இருப்பிடங்களை ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். 2005இல் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய்ப் பணி அவ்வாழிடத்துக்குள் புகுந்தது. எதிர்ப்புக்குப் பின் வழித்தடம் மாற்றப்பட்டது. கிருஷ்ணா நீரைப் பூண்டி வழியே சென்னைக்குக் கொணர்வதும் இதே திட்டம்தான். புதர் அகற்றலும் கால்நடை மேய்ச்சலும் கல்லுடைப்பும் அப்பகுதியில் தொடர்கின்றன.