துவர்ப்புக்கு வயசாகணும்!

பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் தொப்பம்பட்டி என்று ஓர் ஊர். தைப்பூசம் வந்தால் கொங்குநாட்டுக் காவடிகள் நடந்துபோகிற வட்டாரம். மற்ற நாட்களில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் தென்னை, பனை, சோளக்காடு, தெற்கே நீலமாகப் பழனி மலை... அவ்வளவுதான். இங்கே நின்றுகொண்டு பிரான்ஸ் தேசத்துப் பட்டிக்காட்டு ஒயினைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், 'என்னய்யா, வெயில் மண்டையில ஏறிடுச்சா?' என்றுதானே கேட்பீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் விஷயமே பொறுமைதான்!

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரித்திரத்தை மட்டும் ருசி பார்ப்போம். தலை சுற்றாது, வீட்டிலும் திட்ட மாட்டார்கள்.

வெற்றிலை, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் வெறும் கொட்டைப்பாக்கை மென்றிருக்கிறீர்களா? நாக்கை யாரோ இழுத்துக் கட்டியதுபோல் வாய் வறண்டுபோகும். கடுக்காயும் அப்படித்தான், வாழைப்பூவும் அப்படித்தான். நம் முன்னோர் இதற்குத் 'துவர்ப்பு' என்று பேர் வைத்து அறுசுவையில் ஓர் இடமே ஒதுக்கிவிட்டார்கள். ஐரோப்பியர்களின் சுவைப் பட்டியலில் இதற்கு இடமில்லை. 'இது சுவையே இல்லை, நாக்கு உணர்கிற ஒரு சொரசொரப்பு' என்பார்கள். ஒருவிதத்தில் அவர்கள் சொல்வதும் சரிதான். துவர்ப்பைத் தருகிற 'டானின்' என்ற பொருள், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயில் வழவழப்பு போய் வறட்சி வந்துவிடுகிறது.

இதே டானின் மாட்டுத் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால்? தோல் அழுகாமல் லெதர் ஆகிவிடும். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிறவர்களுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த சங்கதி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டித் தண்ணீரில் இருப்பது டானின்தான். டானின் என்ற பெயரே தோல் பதனிடும் மரப்பட்டைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

சரி, ஒயினுக்கு வருவோம். கறுப்புத் திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் இருக்கிறது. சில ரகங்களில் கொஞ்சமாக, சில ரகங்களில் அடேயப்பா என்று சொல்லும்படி! பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரெனீஸ் மலைப் பக்கம் மதிரான் என்று ஒரு சின்ன வட்டாரம். அங்கே விளைகிற திராட்சைக்கு 'டனாட்' என்றே பெயர். அதற்கு வடக்கே, லாட் நதி பாம்புபோல் வளைந்து ஓடும் காவோரில் 'மால்பெக்' ரகம். அந்தக் காலத்தில் இதை ஆங்கிலேயர்கள் 'கறுப்பு ஒயின்' என்றே அழைத்தார்கள். நிறம் அப்படி!

இந்த இரண்டையும் புதுசாக இருக்கும்போது வாயில் வைத்தால் ஆவாரம்பட்டைத் தண்ணீர்தான். அந்த ஊர் விவசாயிகள் வாத்துக் கறியோடும் கொழுப்போடும் சேர்த்துத்தான் குடிப்பார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். டிகாஷன் தூக்கலாகிவிட்டால் பாலை ஊற்றுகிறோமே, அதே கணக்கு. டானின் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும்.

இன்னொரு வழியும் உண்டு: காத்திருப்பது. பீப்பாயிலும் பிறகு பாட்டிலிலும் வருஷக்கணக்கில் தூங்கவிட்டால், டானினின் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகின்றன. ஒரு பகுதி கனம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். ஊதா நிறம் செங்கல் நிறமாகும். முரட்டுத்தனம் போய், தோல், புகையிலை, காய்ந்த பழம் என்று வாசனைகள் எட்டிப்பார்க்கும். அப்புறம் பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மெல்ல வேறு குடுவைக்கு இறுத்துவிட்டுத்தான் குடிப்பார்கள். அந்தக் காத்திருப்பைச் சுருக்க, 1990-களின் தொடக்கத்தில் மதிரானைச் சேர்ந்த பாத்ரிக் துகூர்னோ என்பவர் தொட்டிக்குள் நுண்ணிய ஆக்ஸிஜன் குமிழிகளை விட்டுப் பார்த்தார். அந்த முறை இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

காவோரின் கதை அந்த ஒயினைப்போலவே கரடுமுரடு. 1152-ல் அக்விதேன் நாட்டு வாரிசான எலியனோர், பிறகு இங்கிலாந்து மன்னரான ஹென்றியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள, சீதனம்போல் போர்தோ துறைமுகம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. காவோர் ஒயின் லண்டன் போகவேண்டுமானால் போர்தோவைத் தாண்டித்தான் போகவேண்டும். போர்தோக்காரர்கள் சும்மா விடுவார்களா? 'எங்கள் சரக்கு விற்ற பிறகு உங்கள் படகு வரட்டும்' என்று 13-ம் நூற்றாண்டிலிருந்து சலுகைச் சட்டங்களை வாங்கிக்கொண்டார்கள். மேட்டு நிலத்து ஒயின் குளிர்காலம்வரை காத்துக்கிடந்தது. 1776-ல் அமைச்சர் தூர்கோ வந்துதான் அந்தச் சட்டங்களை ஒழித்தார். ஐந்நூறு வருஷம்!

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், நூறு வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து ஃபைலோக்ஸெரா என்ற பூச்சி வந்து வேர்களைத் தின்றது. அதிலிருந்து தள்ளாடி எழுந்தவர்களை 1956 பிப்ரவரியில் உறைபனி தாக்கியது. ஏறக்குறைய அத்தனை கொடிகளும் கருகிப்போயின. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. 1947-லேயே பார்னாக் கிராமத்தில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை வைத்திருந்தார்கள். நல்ல கொடி எது, எப்போது பறிப்பது, எத்தனை நாள் ஊறவைப்பது என்று தெரிந்த கிழவர்களும் உயிரோடு இருந்தார்கள். மறுபடி நட்டார்கள். 1971-ல் காவோர் என்ற பெயருக்கு அரசாங்கமே சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அப்போதைய ஜனாதிபதி பொம்பிதூவுக்கு அந்தப் பக்கத்துக் கஜார்க்கில் ஒரு வீடு இருந்தது என்பது உபரித் தகவல்!

பதினைந்தே வருஷம். அதற்குள் மீண்டார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தொப்பம்பட்டிக்குத் திரும்புவோம்.

தெற்கே தெரிகிற மலை, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட மலை. அடிவாரத்துத் திருவாவினன்குடியைப் பாடுகிற திருமுருகாற்றுப்படை, குன்றுகளில் வாழும் குறவர்களையும் பாடுகிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? நீண்ட மூங்கில் குழாயில் அடைத்து முதிரவைத்த தேன் கள்ளைச் சுற்றத்தோடு பருகிவிட்டுக் குரவை ஆடுகிறார்கள். பேகனைப் பாடிய கபிலர், பறம்புமலைப் பாரியின் நாட்டை நினைத்து உருகும்போது, மண்ணுக்குள் புதைத்துப் பக்குவமாக்கிய மதுவைப் புல்வேய்ந்த குடிசைதோறும் கொடுத்தார்கள் என்கிறார். ஜார்ஜியா நாட்டில் இன்றைக்கும் பெரிய தாழிகளை மண்ணில் புதைத்து ஒயினை முதிரவைக்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. கபிலர் சொன்னதும் அதே யோசனைதான். மண்ணுக்கடியில் சூடு ஏறாது, இறங்காது. ஔவையாரோ, பல நாள் வைத்த மது தேள் கொட்டினதுபோல் கடுக்கும் என்று சர்டிபிகேட்டே கொடுத்துவிட்டார்!

கவனியுங்கள். அந்த மதுவுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் 'தேறல்'. தேறுவது என்றால் தெளிவது. கலங்கல் அடங்கி, வண்டல் பிரிந்து, தெளிந்து நிற்பதுதான் தேறல். பிரெஞ்சுக்காரர் நிலவறையில் பாட்டிலை நிமிர்த்தி வைத்து இறுக்கிற அத்தனை வேலையையும் நாம் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறோம். கடல் கடந்து வந்த சரக்கும் இங்கே அறிமுகம்தான். பாண்டியன் நன்மாறன் அருந்தும் யவனர் மதுவை நக்கீரர் பாடியிருக்கிறார். 1945-ல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, அந்த மது வந்த ரோமானியச் சாடிகளின் துண்டுகளே கிடைத்தன. ஆக, வெளிநாட்டு ஒயினும் உள்ளூர்த் தேறலும் ஒரே காலத்தில் புழங்கிய நாடு இது.

இன்றைக்கு? சொல் இருக்கிறது, சரக்கு இல்லை. மூங்கிலில் அடைத்தார்கள், மண்ணில் புதைத்தார்கள் என்று பாட்டு சொல்கிறது. எத்தனை நாள், எந்தத் தேன், வாயை எதனால் அடைத்தார்கள் என்று பாட்டு சொல்லாது. அதையெல்லாம் கைதான் சொல்லும். அந்தக் கை போய்ச் சேர்ந்து எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு.

சரி, பழைய கதை, விடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் இதே கதை நம் கண்ணெதிரே இன்னொரு தடவை நடக்கிறது. 1886-ல் வெள்ளைக்காரர்களின் ஆப்காரிச் சட்டம் கள்ளை வரி வசூலாக மட்டும் பார்த்தது. 1937-ல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு நீக்கம், மறுபடி தடை என்று மாறி மாறி வந்து, 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பதநீர் இறக்கலாம், கள் கூடாது. கள் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் நான் சாட்சி சொல்ல வரவில்லை. குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். நான் போடுவது வேறு கணக்கு. 1987-ல் இருபத்தைந்து வயதில் பனை ஏறியவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. பாளையை எப்போது சீவுவது, எந்தப் பதத்தில் இடுக்குவது என்பதெல்லாம் அவர் விரல்களில் இருக்கிறது. பதநீருக்கும் கருப்பட்டிக்கும் அதே விரல்கள்தான் வேண்டும்.

காவோரில் 1956-ல் செத்தது கொடிதான். தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆகவே பிழைத்தது. இங்கே பனை நிற்கிறது. தெரிந்தவர்கள்தான் ஒவ்வொருவராய்க் குறைகிறார்கள்.

அடுத்த தடவை பழனிக்குப் போகும்போது தொப்பம்பட்டிப் பக்கம் பனைமரங்களைப் பார்த்தால், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி, 'ஐயா, பாளை எப்படிச் சீவுவீங்க?' என்று கேட்டு எழுதி வையுங்கள்.

தேறல் காத்திருக்கும். அவர் காத்திருக்க மாட்டார்.