அரை மில்லிமீட்டர்: பழைய அகலக்கோண வில்லைகளும் ஒளிவடிகட்டிகளும்

1956ஆம் ஆண்டில் கேனான் நிறுவனம் தன் தூரமானிக் கேமராக்களுக்காக 25 மி.மீ. குவியத்தொலைவுடைய அகலக்கோண வில்லை ஒன்றை வெளியிட்டது. அதன் முன்விளிம்பில் ஒளிவடிகட்டியை ஏற்பதற்கான திருகுமரையின் விட்டம் 40 மி.மீ. இன்றைய சந்தையில் 39 மி.மீ. வடிகட்டி உண்டு, 40.5 மி.மீ. உண்டு, 40 மி.மீ. மட்டும் அரிது. 40.5 வளையம் இம்மரைக்குள் நுழையாது; 39 வளையம் பிடிப்பின்றி நழுவிவிடும். பழைய கேமரா சேகரிப்போரின் சில்லறைத் தொல்லையாகத் தோன்றும் இச்செய்தி, பழைய ஒளிப்படங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளரும் கவனிக்க வேண்டியது.

கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நீலநிறத்தை மிகுதியாக உணர்வது. எனவே வடிகட்டியின்றி எடுத்த படத்தில் வானம் வெளிறி, மேகங்கள் அதில் கரைந்துபோகும். மஞ்சள் வடிகட்டி நீலத்தை ஓரளவு தடுத்து மேகத்தை மீட்டுத் தரும். செம்மஞ்சள் வானைக் கருக்கும். சிவப்பு, நண்பகலையும் புயற்பொழுதாக்கிவிடும். 1930களிலோ 1950களிலோ எடுக்கப்பட்ட ஒரு படத்தின் கருவானத்தை அன்றைய வானிலைக்குச் சாட்சியாகக் கொள்ளுமுன், வில்லையின் முன் என்ன இருந்தது என்று கேட்டாக வேண்டும். படத்தின் பின்புறக் குறிப்பில் இடமும் நாளும் இருக்கும். வடிகட்டியின் பெயர் இருப்பது அபூர்வம். கேமராவும் வில்லையும் காட்சிக்கூடத்தை அடையும்போது வடிகட்டிப் பெட்டி எங்கோ தனியே போயிருக்கும். எஞ்சுவது வில்லையின் முன்வளையம் ஒன்றே. அது எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை அறிந்தால் அந்தப் படம் எடுக்கப்பட்ட முறை பற்றிய ஊகத்துக்கு ஓர் எல்லையாவது கிடைக்கும்.

லைக்கா கேமரா 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது. அதனுடன் வந்த 50 மி.மீ. வில்லையின் முன்பகுதி 36 மி.மீ. வெளிவிட்டம் உடையது. லைட்ஸ் நிறுவனம் அதன்மேல் தொப்பிபோல் மாட்டும் வடிகட்டிகளைச் செய்தது; இவையே 'ஏ36' எனப்பட்டவை. 1930இல் வந்த 35 மி.மீ. எல்மார், 1935இல் வந்த 28 மி.மீ. ஹெக்டார் ஆகியவையும் அதே விட்டத்தைக் காத்தன. ஒரே மஞ்சள் வடிகட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அகலக்கோணம் முதல் தொலைநோக்கு வரை பயன்படுத்தலாம் என்னும் இந்த ஒழுங்கு, பின்வந்த பல பத்தாண்டுகளில் எவருக்கும் எளிதில் வாய்க்கவில்லை. குறையும் இருந்தது. எல்மார், ஹெக்டார் வில்லைகளில் ஒளித்துளையை மாற்றும் சிறு நாக்கு முன்முகத்திலேயே அமைந்தது. வடிகட்டியை மாட்டியபின் அதை எட்டுவது எளிதன்று. போருக்குப்பின் லைட்ஸ் படிப்படியாக 39 மி.மீ. உட்திருகுமரைக்கு, அதாவது 'இ39'க்கு, மாறியது. கேமரா உடலில் வில்லை பொருந்தும் பழைய மரையும் 39 மி.மீ.தான், ஆயினும் இரண்டின் புரியிடைவெளி வேறு. முன்னது அரை மில்லிமீட்டர். பின்னது அங்குலத்துக்கு 26 புரிகள். எண் ஒன்று என்பதால் பொருள் ஒன்று என்று எண்ணுவோர் இன்றும் உண்டு.

சைஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் 1932இல் வெளிவந்தது. அதன் வில்லைகள் பலவற்றில் 40.5 மி.மீ. மரை இருந்தது. போர் முடிந்தபின் சைஸின் வடிவமைப்புகள் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றன. லுட்விக் பெர்டெலே வடிவமைத்த 35 மி.மீ. பயோகான் அங்கே ஜூபிட்டர்-12 ஆயிற்று. அதனுடன் 40.5 என்னும் அளவும் எல்லை கடந்தது. ஜப்பானில் நிக்கான் கான்டாக்ஸைத் தழுவிய கேமராவைச் செய்தபோதும், 1952இல் வந்த 28 மி.மீ., 1959இல் வந்த 21 மி.மீ. ஆகிய அகலக்கோண வில்லைகளுக்கு 43 மி.மீ. மரையை அமைத்தது. கேனான் 40. ஆக 39, 40, 40.5, 43 என்று நான்கு மில்லிமீட்டருக்குள் நான்கு அளவுகள், ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒவ்வொரு நிறுவனமும் வாடிக்கையாளரைத் தன் வடிகட்டியையே வாங்கச் செய்தது என்ற விளக்கம் உண்மைக்குப் புறம்பன்று, ஆனால் போதாது. வில்லையின் முன்கண்ணாடி சிறியதாக இருந்ததும் ஒரு காரணம். ஆடி இல்லாத தூரமானிக் கேமராவில் அகலக்கோண வில்லையின் பின்பகுதி படச்சுருளை நெருங்கி அமரலாம்; சமச்சீர் வடிவமைப்பு இயலும்; முன்பகுதி கைக்கடக்கமாகச் சுருங்கும். ஒவ்வொரு கைக்கடக்கமும் அதனதன் அளவில் சுருங்கியது.

இதற்கிடையே அமெரிக்காவில் பரவிய 'வரிசை' முறை வேறு வழியில் சென்றது. மரையில்லாத வட்டக் கண்ணாடியை இணைப்பு வளையத்துக்கும் தாங்கு வளையத்துக்கும் இடையே வைத்து இறுக்குவது அம்முறை. ஆறாம் வரிசை 41.3 மி.மீ.; ஏழாம் வரிசை 50.8 மி.மீ. வில்லை மாறினால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். லைட்ஸே பின்னர் 35 மி.மீ. சும்மிலக்ஸில் ஏழாம் வரிசைக் கண்ணாடியை ஒளிமறைப்புக்குள் செருகும் ஏற்பாட்டைக் கைக்கொண்டது. இருந்தவற்றுள் அறிவார்ந்த முறை இதுவே, எனினும் நிலைக்கவில்லை.

தூரமானிக் கேமராவுக்கு மட்டுமே உரிய இடர் ஒன்றுண்டு. எடுப்பவரின் கண் வில்லை வழியே பார்ப்பதில்லை. தனிச் சாளரம் வழியே பார்க்கிறது. சிவப்பு வடிகட்டி போட்டாலும் சாளரத்தில் உலகம் இயல்பான நிறத்திலேயே தெரியும். வடிகட்டியைக் கழற்ற மறந்தால் எதுவும் எச்சரிக்காது. வளையத்தின் விளிம்பு தடித்திருந்து படத்தின் நான்கு மூலைகளையும் வெட்டினால், அது இருட்டறையில்தான் தெரியவரும். முனைவாக்க வடிகட்டியைத் திருப்பும் கோணத்தையும் நேரே காண முடியாது. லைட்ஸ் இதற்காகக் கீலுள்ள வடிகட்டி ஒன்றைச் செய்தது. மேல்நோக்கி மடக்கிச் சாளரத்தின் முன் நிறுத்தி, கோணம் கண்டு, மீண்டும் வில்லையின் முன் இறக்க வேண்டும். அழகான தீர்வு, விரைவான தீர்வு அன்று. 21 மி.மீ. வில்லைக்கு அதனாலும் முழுப்பயன் இல்லை. கிடைமட்டத்தில் ஏறத்தாழ 81 பாகை வானத்தை அவ்வில்லை அள்ளும். வானொளியின் முனைவாக்கம் சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில்தான் உச்சம் பெறும். ஒரே வானம் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளிறியும் நிற்கும்.

அகலக்கோணத்தின் ஆழ்ந்த சிக்கல் ஒளிக்குறைவு. எளிய சமச்சீர் வில்லையில் மூலையை அடையும் ஒளி, சாய்கோணத்தின் கொசைனுடைய நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். கணக்கிட்டால் 50 மி.மீ. வில்லையின் மூலைக்கு நடுப்பகுதி ஒளியில் 71 விழுக்காடு, 28 மி.மீ.க்கு 39, 21 மி.மீ.க்கு 24 விழுக்காடு மட்டுமே. நிறக்கண்ணாடி இதை இன்னும் சற்று மோசமாக்கும். 46 பாகை சாய்ந்து வரும் கதிர் சாதாரணக் கண்ணாடித் தட்டுக்குள் 14 விழுக்காடு கூடுதல் தொலைவு செல்வதால், மூலையில் வடிகட்டியின் நிறமும் அடர்ந்து செயல்படும். தூரமானிக் கேமராக்களுக்கு முன்பே, 1900ஆம் ஆண்டளவில், கோயர்ட்ஸ் நிறுவனத்தின் ஹைபர்கான் இதற்கு வேடிக்கையான விடை ஒன்று கண்டது. வில்லையின் முன் விண்மீன் வடிவச் சக்கரம். இரப்பர்க் குமிழை அழுத்தினால் காற்று அதைச் சுழற்றும். படம் பதியும் நேரத்தின் பெரும்பகுதியில் அது நடுவில் விழும் ஒளியைக் குறைக்கும். சுழலும் வடிகட்டி என்றே அதைச் சொல்லலாம். மிக்கேல் ருசினோவ், வானிலிருந்து நிலம் அளக்கும் படக்கருவிகளுக்காக, வில்லையின் வடிவத்தாலேயே இக்குறைவைத் தணித்தார். நான்காம் அடுக்கு மூன்றாம் அடுக்கை நோக்கி இறங்கியது. 1958இல் வந்த 20 மி.மீ. ருஸ்ஸார் அவ்வழி வந்தது. அதன் மரை 49 மி.மீ., அதாவது இன்றும் எங்கும் கிடைக்கும் அளவு. 1969இல் வந்த சைஸின் 15 மி.மீ. ஹோலோகான் பழைய வழிக்கே திரும்பி, நடுவில் கருத்து விளிம்பில் தெளியும் வடிகட்டியை உடன் கொண்டது. எஃப் 8 துளையுள்ள அவ்வில்லை அவ்வடிகட்டியுடன் எஃப் 16 அளவுக்கே ஒளி தந்தது. அவ்வடிகட்டி தொலைந்த ஹோலோகான், படங்களின் மூலைகளை இருளிலேயே விடும்.

1959இல் நிக்கான் எஃப் வந்தபின் கதை மாறியது. ஆடிக்கு இடம்விட வேண்டியிருந்ததால் அகலக்கோண வில்லைகள் பருத்தன. வடிகட்டி விட்டமும் பருத்தது. நிக்கான் 52 மி.மீ. என்னும் அளவைப் பல வில்லைகளுக்குப் பொதுவாக்கியது. சிறிய அளவுகள் கேட்பாரற்றுப் போயின.

அவற்றுக்கு எதிர்பாராத மறுவாழ்வு தந்தது 2006இல் வெளியான லைக்கா எம்8 என்னும் எண்ணிமக் கேமரா. அதன் உணரி அகச்சிவப்பு ஒளியையும் பதிந்ததால் கருந்துணி செந்நீலமாக வந்தது. நிறுவனம் வாங்கியோருக்கு இரண்டு தடுப்பு வடிகட்டிகளை இலவசமாக வழங்கியது. உலகெங்கும் பழைய வில்லைக்காரர்கள் மீண்டும் மரைகளை அளக்கத் தொடங்கினர். அகலக்கோணம் இங்கும் குறுக்கிட்டது. மென்படலக் குறுக்கீட்டால் இயங்கும் அவ்வடிகட்டியில் சாய்ந்து புகும் கதிருக்குத் தடையின் எல்லை குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்வதால், சிவப்பும் சேர்ந்து தடைபட்டு மூலைகள் பசுநீலமாயின. வில்லையின் அடித்தளத்தில் ஆறு புள்ளிக் குறியீடு இருந்தால் கேமராவே அதைத் திருத்தும். 1950களின் வில்லைகளில் அக்குறியீடு ஏது? உரிமையாளர்கள் கறுப்பு மையால் தாமே புள்ளியிட்டனர்.

40.5 மி.மீ. அளவுக்கு வேறொரு நற்பேறு. சோனியின் சிறிய கேமராக்களோடு வரும் 16-50 மி.மீ. வில்லை அதே மரையைக் கொண்டது; எனவே ஜூபிட்டர்-12 வைத்திருப்பவருக்கு இன்று புதிய மஞ்சள் வடிகட்டி எளிதில் கிடைக்கிறது. கேனானின் 40 மி.மீ.க்கு அப்படி எவரும் வரவில்லை. பழைய 40 வளையத்திலிருந்து கீறல் விழுந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேறொரு வடிகட்டியின் கண்ணாடியை அளவாகத் தேய்த்து அதில் பதிப்பதே இன்றும் அவ்வில்லைக்காரர்கள் நாடும் வழிகளுள் ஒன்று.