பெண் உருவப்படங்களில் சடையும் ரிப்பனும்

தமிழகத்துப் பெண் உருவங்களில் முகத்துக்கு முன்பே தலைமுடி ஆளைச் சொல்லிவிடும். பழைய இலக்கியம் கூந்தல் முடிப்பை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐம்பாலாக வகுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குச் சரிந்த கொண்டை. 1968இல் மெரினாவில் நிறுவப்பட்ட கண்ணகி சிலைக்கு விரித்த கூந்தல். அது சினத்தின் குறி. சங்கரன்கோவில் சங்கரநாராயணருக்கோ தலையே இரு கூறு: வலப்பக்கம் சடைமுடி, இடப்பக்கம் மகுடம்.

சடங்கு, வளைகாப்பு, கல்யாணம் ஆகியவற்றுக்குப் பெண்ணின் சடையில் பூத் தைப்பது சங்கரன்கோவில் வட்டாரத்திலும் வழக்கம். வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டுகளை நெருக்கமாகத் தைத்துப் பின்னலின் நீளத்துக்கும் கட்டுவார்கள். உச்சியில் ராக்கொடி, பக்கங்களில் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, முதுகில் சடைநாகம், நுனியில் குஞ்சலம். சங்கன், பதுமன் என்ற நாகங்கள் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் இந்த ஊரில், வெள்ளியில் பாம்புருவம் செய்து உண்டியலில் போடும் ஊரில், சடையில் படமெடுக்கும் நாகத்தை வெறும் அலங்காரமாக மட்டும் பார்ப்பது கடினம்.

இவற்றில் பெரும்பாலானவை பின்புறம், கேமராவோ முகத்தைக் கேட்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் இதற்குக் கண்ட வழி கண்ணாடி. பெண் முதுகைக் காட்டி நிற்பாள். எதிரே உள்ள நிலைக்கண்ணாடியில் முகம் தெரியும். ஒரே படத்தில் முகமும் சடையும் கிடைத்துவிடும். வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த இவ்வகைப் படங்கள் அழகுக்காக மட்டும் எடுத்தவை அல்ல. பெண் பெரியவளானதற்கும் பிள்ளை உண்டானதற்கும் அவை குடும்பத்தின் சான்று. பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டி மின்னுருவாக்கியுள்ளது.

ரிப்பனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. இரட்டைச் சடையை மடித்து, காதோரம் ரிப்பனால் பூப்போல முடிச்சிட்டால், நேராக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்திலேயே தெரியும். பள்ளிச் சீருடையோடு அதன் நிறமும் வரையறைக்குள் வந்தது. குஞ்சலம் சடங்கையும் கல்யாணத்தையும் சொன்னது என்றால், ரிப்பன் சொன்னது ‘இவள் படிக்கிறாள்’ என்பதை. தமிழ்ப் பெண்ணின் படத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் நகைகளால் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். சினிமாவும் இதைப் பிடித்துக்கொண்டது: வளர்ந்த நடிகைக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினால் போதும், அவள் பள்ளி மாணவி என்று கொட்டகை ஒப்புக்கொள்ளும்.

பூச்சடை இன்று ஆயத்தமாகவே வாடகைக்குக் கிடைக்கிறது. கண்ணாடி போய்விட்டாலும், மணப்பெண் முதுகைக் காட்டித் தோள்வழியே திரும்பிப் பார்க்கும் படம் கல்யாண ஆல்பங்களில் தொடர்கிறது.