வில்லனுக்கு முடிவெழுதுவது யார்? காமிக்ஸ் ரசிகர் படங்களும் சூரன் வழி வந்த கதைமரபும்

முருகன் தலங்களில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரசம்ஹாரம் நடக்கும். படைவீடுகளில் ஒன்றான திருத்தணியில் நடப்பதில்லை. போர்ச்சினம் ஆறி முருகன் அமர்ந்த மலை என்பதால் அன்று அங்கே சூரன் தலைகாட்டுவதில்லை. சண்முகருக்குப் புஷ்பாஞ்சலி செய்து விழாவை நிறைவு செய்கிறார்கள். அதே மாலையில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை மாற்றி மாற்றி வந்து போரிடுகிறான். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலோ சூரன் போர் என்றால் சூரனைத் தோளில் ஏற்றி ஓடவும் ஆடவும் வைக்கும் இளைஞர்களின் வேகமே பாதி விழா. ஒரே புராணத்தின் ஒரே வில்லனை மூன்று ஊர்கள் மூன்று விதமாக நடத்துகின்றன. இதற்கு யாரும் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை.

காமிக்ஸ் வில்லனை நடுவில் வைத்து ரசிகர்கள் தம் கைக்காசில் எடுக்கும் படங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு குற்றச்சாட்டுகளோடு நின்றுவிடுகிறது: அவை நகல்கள்; அவை கொடுமையைக் கொண்டாடுகின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தப் படங்கள் ஏன் திரும்பத் திரும்ப வில்லனிடமே போகின்றன என்பதை இரண்டும் விளக்கவில்லை. காரணம் காமிக்ஸ் தொழிலின் அமைப்பில் இருக்கிறது. வில்லனைச் சொத்தாக வைத்திருக்கும் நிறுவனத்தால் அவனுக்கு ஒரு முடிவைத் தர முடியாது.

ஜோக்கரின் பிறப்பிலேயே இதைக் காணலாம். 1940-ல் வெளிவந்த ‘பேட்மேன்’ முதல் இதழில்தான் அவன் அறிமுகமானான். அந்த இதழிலேயே அவனைச் சாகடித்துவிடுவது என்றுதான் கதை எழுதப்பட்டிருந்தது. பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் குறுக்கிட்டார். ஆள் பிழைத்துவிடுவான் என்று சொல்லும் ஒரு கட்டம் அவசரமாக வரைந்து சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தின் பலன் இன்றுவரை தொடர்கிறது: பிடிபடுவான், தப்புவான், மறுபடி பிடிபடுவான். 2024-ல் வந்த ‘ஜோக்கர்: ஃபோலி ஆ தூ’ படத்தில் ஆர்தர் ஃப்ளெக் கத்திக்குத்துப்பட்டுச் செத்துப்போகிறான், ஆனால் குத்தியவனோ பின்னணியில் நின்று தன் வாயையே சிரிப்பாகக் கிழித்துக்கொள்கிறான். ஆள் போனான், பாத்திரம் பத்திரமாக இருக்கிறது. எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கடைசிக் கட்டம்தான்.

ரசிகர்கள் புகுந்தது இந்த இடைவெளியில். 2003-ல் சாண்டி கொலோரா எடுத்த ‘பேட்மேன்: டெட் எண்ட்’ எட்டு நிமிடப் படம். மழையில் நனைந்த சந்தில் ஜோக்கர் பேட்மேனிடம் தன்னை உருவாக்கியதே நீதான் என்று வாதாடுகிறான். வாதம் முடியுமுன் வேற்றுக்கிரக ஜந்து ஒன்று அவனை மேலே இழுத்துக்கொண்டுவிடுகிறது. அரைநொடியில் ஆள் காலி. எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாத அலட்சியம் அது. 2008-ல் தொடங்கிய ‘ஜோக்கர் பிளாக்ஸ்’ அவனை மனநலக் காப்பகத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டது. 2013-ல் வந்த ‘தி ஜோக்கர் ரைசிங்’ முழுநீளப் படமாகவே அவனுக்கு ஒரு தொடக்கத்தைத் தேடியது. இவற்றில் பலவற்றின் நடிப்பு, ‘தி டார்க் நைட்’ படத்தில் ஹீத் லெட்ஜர் உதட்டை நக்கிக்கொள்வதைப் பார்த்துப் பழகியது. அந்த வகையில் நகல் என்ற புகார் நியாயமானதே. ஆனாலும் 2019-ல் டாட் பிலிப்ஸின் ‘ஜோக்கர்’ வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்குவதற்கு முன்பே, வில்லனைத் தனியே நிறுத்தி அவன் வாயாலேயே அவன் கதையைச் சொல்லவைக்கும் வடிவத்தை இவர்கள் கையாண்டு பார்த்துவிட்டார்கள்.

வில்லன் தன் கதையைத் தானே சொல்வது நமக்குப் புதிதல்ல. திருத்தணி வட்டாரம் உள்ளிட்ட வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்தில் துரியோதனன் கட்டை வேஷம்: கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம், காலில் சலங்கை. திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன் பெருமையைச் சொன்ன பிறகுதான் அவன் வெளியே வருவான். கட்டியங்காரன் அவனை யார், என்ன ஊர் என்று துருவிக் கேட்டு நையாண்டி செய்வான். அவனும் சளைக்காமல் பதில் சொல்வான். தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் உரிமையில் தருமனுக்கும் துரியோதனனுக்கும் கூத்து பேதம் பார்ப்பதில்லை. படுகளத்தன்று காலை மைதானத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் தொடையை உடைத்து, அந்தக் குருதியைப் பூசித் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பழி தீர்ந்தது. ஆனால் கூத்து அங்கே நிற்பதில்லை. அவன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைக்கிறாள். ஊரே பார்த்து நிற்க, தோற்றவன் வீட்டுத் துக்கம் அரங்கேறுகிறது. வில்லனுக்கு அளித்த முடிவு என்று நான் சொல்வது இதைத்தான். தண்டனையும் உண்டு, இழவும் உண்டு.

காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போரின் நடுவே முருகன் விசுவரூபம் காட்ட, சூரபன்மன் மெய்மறந்து நின்று துதிக்கிறான். உரு மறைந்ததும் பழைய ஆணவம் திரும்புகிறது. மறுபடி வில்லை எடுக்கிறான். ஒரு வில்லனின் மனத்தை இத்தனை கூர்மையாகப் பிடித்த கட்டத்தை நவீனப் படக்கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் மாமரமாகி நின்று பிளவுபட்டு மயிலும் சேவலுமாகிறான். அழிந்தவன், வென்றவனின் ஊர்தியாகவும் கொடியாகவும் கூடவே இருக்கிறான்.

புராணத்தோடும் கூத்தோடும் இது முடிந்துவிடவில்லை. சினிமாவில் வில்லனாக நடித்து அடி வாங்கிய ஆர். எஸ். மனோகர், மேடையில் ‘இலங்கேஸ்வரன்’, ‘சூரபத்மன்’, ‘சிசுபாலன்’, ‘நரகாசுரன்’ என்று நாடகத்துக்கு நாடகம் எதிராளிகளையே நாயகர்களாக்கினார். புலவர் குழந்தை 1946-ல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ 1948-ல் தடை செய்யப்பட்டு 1971 வரை தடையிலேயே இருந்தது. தடுத்தது அரசு, கதையின் உரிமையாளர் என்று யாரும் வரவில்லை. திருத்தணிக்கு வடக்கே இருப்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ம. பொ. சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு அப்பால், கிருஷ்ணனாகவே மக்கள் கும்பிட்ட என். டி. ராமராவ் 1961-ல் ‘சீதாராம கல்யாணம்’ படத்தில் இராவணனாக நடித்துத் தாமே இயக்கினார்; 1977-ல் ‘தான வீர சூர கர்ணா’வில் கிருஷ்ணன், கர்ணன், துரியோதனன் மூவரும் அவரே. அதில் துரியோதனனுக்கு ஒரு காதல் பாட்டும் உண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழும். கூத்தும் புராணமும் அறத்தின் வரம்புக்குள் வில்லனை வைக்கின்றன. காமிக்ஸ் வில்லனுக்கு அந்த வரம்பு ஏது? மேலும் கூத்துக் கலைஞர்கள் பயிற்சி பெற்ற தொழில்முறையினர், ரசிகர்களோ பொழுதுபோக்குக்காரர்கள். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதற்கு விடை சிவகாசியிலிருந்து வருகிறது. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962-ல் தொடங்கிய மூலக்கதையில் அவன் பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வக விபத்தில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கையைத் தவிர உடல் முழுதும் மறைந்துபோகும் வரம் பெற்றவன், அதை முதலில் பயன்படுத்தியது திருட்டுக்கும் மிரட்டலுக்கும்தான். நிழற்படை உளவாளியாக மாறியது பின்னர். லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ஸ்பைடரும் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொள்ளப் புறப்பட்டவனே. அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய இருவருமே வில்லனாகப் பிறந்து திருந்தியவர்கள். வரம்பு கதையிலேயே இருந்தது. வாசகர்கள் அதைச் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

ரசிகர் படத்துக்கு மாயாவியைவிடத் தோதான ஆள் கிடைப்பது அரிது. சட்டகத்துக்குள் ஒரு கை மட்டும் தெரிந்தால் போதும். வெள்ளிச் சாயம் பூசிய கையுறை, ஒரு மின் பிளக்கு, ஒரு கைபேசி; மற்றதைப் பார்ப்பவர் மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும். மகாராட்டிரத்தின் விசைத்தறி ஊரான மாலேகாவ்னில் இதைவிடக் கடினமானதையே செய்தார்கள். வீடியோ பார்லர் நடத்திய ஷேக் நாசிர், ‘ஷோலே’யை ஊர்க்காரர்களை வைத்து எடுத்த பிறகு, தறித் தொழிலாளி ஒருவரைச் சூப்பர்மேனாக்கினார், லாரியின் பக்கவாட்டில் பச்சைத் துணி கட்டிப் பறக்கவைத்தார். ஃபைசா அகமது கான் 2008-ல் எடுத்த ஆவணப்படத்தில் எல்லாம் இருக்கிறது, கேமரா தண்ணீரில் விழுந்தது உட்பட. ஆனால் மாலேகாவ்ன் நாயகனை ஊர் அளவுக்குச் சுருக்கிச் சிரிக்கவைத்தது. வில்லனைச் சுருக்கினால் சிரிப்பு வராது. அவன் பக்கத்து வீட்டு ஆளாகிவிடுவான், அவனுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிடும். வில்லன் படம் நாயகப் பகடியைவிட அருமையாகவே அமைவதற்குக் காரணம் இதுவென்று நினைக்கிறேன்.

இனி சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 52, தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. பகடிக்கோ ரசிகர் படைப்புக்கோ தனியாக ஒரு விலக்கு அதில் இல்லை. அமெரிக்காவில் 1940-ன் ஜோக்கர் 2036 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமையாவான். காத்திருக்காதவர்களுக்கு என்ன நேரும் என்பதை வேரா ட்ரூ கண்டார்: ஒரு திருநங்கையின் வாழ்க்கையை ஜோக்கரின் வேடத்தில் சொல்லும் அவருடைய ‘தி பீப்பிள்ஸ் ஜோக்கர்’ 2022-ல் டொராண்டோ விழாவில் ஒரே ஒரு காட்சியோடு உரிமைச் சிக்கலால் நின்றது, 2024-ல்தான் திரையரங்குக்கு வந்தது. மாயாவியும் ஸ்பைடரும் இன்று ஆக்ஸ்போர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனத்தின் வசம். திருடனாயிருந்த நாள்களின் மாயாவிக்கு ஒரு முடிவு எழுத நினைக்கும் தமிழ் இளைஞர் சட்டப்படி அங்கேதான் அனுமதி கேட்க வேண்டும்.

பிரிவு 52-ல் உள்ள விமர்சனத்துக்கான இடத்தைக் கொஞ்சம் விரித்துப் படித்தாலே இதற்கு வழி உண்டு. ஒரு பாத்திரத்துக்கு அதன் உரிமையாளர் தர மறுத்த தொடக்கத்தையோ முடிவையோ ஒரு படம் தருமானால், அது அந்தப் பாத்திரத்தின் மீதான விமர்சனம். உடையையும் குரலையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது நகல். வேரா ட்ரூவின் படம் இந்த அளவுகோலில் எளிதாகத் தேறும். கொலோராவின் எட்டு நிமிடம், ஜோக்கரை அப்படி அலட்சியமாக வானத்துக்குத் தூக்கி எறிந்ததாலேயே, பாதி தேறும். லெட்ஜரின் உதட்டு அசைவை மட்டும் கற்றுக்கொண்டு நிற்கும் நூற்றுக்கணக்கான படங்கள் தேறாது. அவற்றுக்காக நான் வாதாடப்போவதுமில்லை.