சிரம்பையடி சொல்லும் பாடம்: யார் பூர்வீகம், யார் வந்தவர்?



அன்பின் உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். புத்தளத்து ஆட்களும் புத்தளத்துக்கு வந்து குடியேறிய ஆட்களும் ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

"பூர்வீகம்" என்ற சொல் நம் பகுதியில் அடிக்கடி வாயில் வரும். பாடசாலை அனுமதி, தொழில், காணி, தேர்தல் என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும். "நாங்க பூர்வீகம், அவங்க வந்தவங்க" என்று பேச்சு தொடங்கிவிடும். அப்படிப் பேசும்போது நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிறிய ஊரை யாரும் நினைப்பதில்லை. அதுதான் சிரம்பையடி.

புத்தளம் நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் சில கிலோமீற்றர் போனால் வரும் ஊர். பெயரின் கடைசியில் வரும் "அடி", நமது தில்லையடியில் வரும் அதே அடிதான். அதாவது பெயர் தமிழ். அங்கே வாழும் மக்களில் ஒரு பகுதியினரின் மூதாதையர் ஆபிரிக்கர். அவர்களின் சமயம் கத்தோலிக்கம். அவர்களின் பழைய பாட்டுகள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில். இன்று வீட்டில் பேசுவது சிங்களம். ஒரு சிறிய ஊருக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இந்த மக்களை நாம் "காப்பிரி" என்கிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். அது நமக்கு நன்கு தெரிந்த அரபுச் சொல்: காபிர். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வியாபாரம் செய்த அரபிகள், இஸ்லாத்தில் இல்லாத அந்நாட்டு மக்களை அப்படி அழைத்தார்கள். பின்னால் வந்த போர்த்துக்கேயர் அதன் பொருளைக் கணக்கில் எடுக்காமல் கறுப்பின மக்கள் எல்லாருக்கும் அதையே பெயராக்கினார்கள். தென்னாபிரிக்காவில் இன்று அது மிகக் கேவலமான வசைச்சொல். இலங்கையில் அந்த மக்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதால் வசையாக எடுப்பதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டதல்ல, மற்றவர்கள் வைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

ஆபிரிக்கர் இலங்கைக்கு வந்தது ஐரோப்பியர் காலத்தில் மட்டுமல்ல. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, நம் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார். அதே பயணத்தில் கொழும்பைக் கண்டபோது, அங்கே ஆட்சி செய்தவரிடம் ஐந்நூறு அளவில் ஹபஷிகள் இருந்ததாகவும் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேயர் இலங்கையில் கால் வைத்தது 1505இல். அதற்கு 160 வருடங்களுக்கு முந்திய செய்தி இது.

ஆனால் சிரம்பையடி மக்களின் கதை பிந்தியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தார்கள். கொழும்பு கொம்பனித்தெருவின் பழைய ஆங்கிலப் பெயருக்கு "அடிமைத் தீவு" என்று பொருள். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. பிறகு வந்த பிரித்தானியர், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்திலிருந்து கோவாவில் போர்த்துக்கேயரிடம் ஆபிரிக்கரை விலைக்கு வாங்கித் தங்கள் படையில் சேர்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிய மனிதனுக்குச் சீருடை போட்டு, துப்பாக்கி கொடுத்து, கண்டி மன்னனுக்கு எதிராகச் சண்டைக்கு அனுப்பினார்கள்.

அந்தப் படைவீரர்களில் ஒரு பிரிவினர் புத்தளத்தில் இருந்தார்கள். 1860களின் நடுப்பகுதியில் படை கலைக்கப்பட்டபோது அவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு எந்த ஊர் இருந்தது? பிடித்துக் கொண்டுவந்தது எந்தக் கரையிலிருந்து என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. செல்லங்கண்டல் பக்கம் காணி கிடைத்தது, குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் பிறகு சிரம்பையடியிலும் பரந்தார்கள்.

இனி, ஊர் எப்படி மாறியது என்று பார்ப்போம். யாரும் அவர்களைத் துரத்தவில்லை, வேறு ஆட்கள் வந்து ஊரைப் பிடிக்கவும் இல்லை. அதே குடும்பங்கள் அதே காணியில் இருக்கும்போதே மாற்றம் நடந்தது. சமூகம் சிறியது, சொந்தத்துக்குள்ளேயே எத்தனை தலைமுறைக்குத் திருமணம் முடிக்க முடியும்? சிங்களவரோடும் தமிழரோடும் கலந்தார்கள். பிறப்புப் பத்திரத்தில் பிள்ளைக்குத் தந்தையின் இனத்தை எழுதுவதே நம் நாட்டு வழக்கம். ஆகவே தாய் காப்பிரி, தந்தை சிங்களவர் என்றால் பிள்ளை பத்திரத்தில் சிங்களவர். பாடசாலை சிங்கள மொழியில். 1956இன் பின் அரச தொழிலுக்கும் அதே மொழி. மூத்தவர்கள் தங்களுக்குள் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழி வீட்டுக்குள் சுருங்கியது, பிறகு வீட்டிலும் நின்றுபோனது. பிரித்தானியர் காலத்துக் குடிசன மதிப்பீட்டில் அவர்களுக்கென்று தனி நிரல் இருந்தது. பின்னர் அந்த நிரலும் இல்லாமல் போனது.

மிஞ்சியது பாட்டு. "மஞ்ஞா" என்பார்கள். சிரட்டை, கரண்டி, போத்தல், மேளம் இவைதான் வாத்தியம். மெதுவாகத் தொடங்கி, ஒரே சில வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடி, வேகம் ஏறி ஏறி எல்லாரும் ஆடும் நிலைக்கு வரும். நம் கலியாண வீடுகளில் இளைஞர்கள் ஆடும் பைலாவுக்கு மூலமே இந்த மக்களின் இசைதான். பாடுகிறவர்களுக்கே பல வரிகளின் அர்த்தம் இப்போது தெரியாது. அர்த்தம் போன பிறகும் பாட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர்கள் இவர்களைப் பற்றி நூல்களே எழுதியிருக்கிறார்கள். சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நம் பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

இங்கே ஒரு ஒப்பீடு. அதே பிரித்தானியப் படையில் நம் மலாய் சகோதரர்களும் இருந்தார்கள். அவர்களும் வெளியிலிருந்து வந்த படைவீரர்களின் சந்ததிதான். 2012 குடிசன மதிப்பீட்டில் மலாயர் நாற்பதாயிரத்துக்கு மேல், தனி இனமாக நிற்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? தொகை கூட இருந்தது ஒரு காரணம். பள்ளிவாசல் இருந்தது. எழுத்து இருந்தது. 1869இலேயே கொழும்பில் மலாய் மொழியில் பத்திரிகை நடத்தினார்கள். ஆபிரிக்க வீரர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. பல மொழி பேசிய பல கூட்டத்தாரை ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்ததால், தாய்மொழி என்று ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளவும் வழியிருக்கவில்லை. எழுதி வைக்காத சமூகத்தின் கதை மூன்று நான்கு தலைமுறைக்குள் கரைந்துவிடும் என்பதற்கு சிரம்பையடி சாட்சி.

நாம் மட்டும் மாறாமல் இருந்தோமா? புத்தளத்து முக்குவரில் ஒரு பகுதியினர் இஸ்லாத்துக்கு வந்தார்கள், ஒரு பகுதியினர் கத்தோலிக்கரானார்கள். இன்று ஒருவரையொருவர் வேறு இனம் என்று நினைக்கும் குடும்பங்களின் வேர் ஒன்றாக இருக்கலாம். பழைய குடிசன மதிப்பீடுகளில் "இந்தியச் சோனகர்" என்று தனி நிரல் இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இலங்கைச் சோனகர் என்றே எழுதுகிறார்கள். யாருக்கும் அதில் வருத்தமில்லை. சிலாபம், நீர்கொழும்புக் கரையில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் ஒரு நூற்றாண்டுக்குள் சிங்களவராகிவிட்டன. உடப்பு மட்டும் தமிழைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரையோரம் முழுக்க இதே கதைதான். "பூர்வீகம்" என்று நாம் சொல்வது பெரும்பாலும், வந்த வருடத்தை மறந்துவிட்ட வருகை.

இப்போது சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். அன்று புத்தளம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டது. சமைத்துக் கொடுத்தது, உடுப்புக் கொடுத்தது. அந்த நன்மையை அல்லாஹ் கபூல் செய்வானாக.

ஆனால் அந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து, புத்தளத்துத் தண்ணீர் குடித்து, புத்தளத்துப் பேச்சுப் பேசுகிறார்கள். அவர்களையும் சிலர் "அகதி" என்கிறார்கள். மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பினால் அங்கே "புத்தளத்தான்" என்ற பெயர். வாக்கு ஓரிடம், வீடு ஓரிடம் என்று இழுபட்டவர்களும் இருக்கிறார்கள். போட்டி உண்மைதான். இருந்த தொழிலையும் பாடசாலை இடத்தையும் பங்குபோட வேண்டி வந்தது புத்தளத்து ஏழைகளுக்கும் கஷ்டம்தான். அதை மறைக்கத் தேவையில்லை. அதை அதிகாரிகளிடம் பேசித் தீர்க்க வேண்டும், வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் தீர்க்கக் கூடாது.

சிரம்பையடி மக்களுக்கு மற்றவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நின்றது, அவர்களின் சொந்தக் கதை போய்விட்டது. நாமும் அதையே செய்கிறோம். "அகதி" என்ற பெயரை நிறுத்தி வைக்கிறோம், எருக்கலம்பிட்டியின் கதை, முசலியின் கதை, யாழ்ப்பாணம் சோனகத் தெருவின் கதை மூத்தவர்களின் ஜனாஸாவோடு சேர்ந்து அடங்கிப் போக விடுகிறோம். இது தலைகீழ். போக வேண்டியது பெயர், இருக்க வேண்டியது கதை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்.

ஆசிரிய நண்பர்களே, தரம் எட்டு, ஒன்பது மாணவர்களுக்கு ஒரு சிறிய வேலை கொடுங்கள். மூத்தம்மா, மூத்தவாப்பா பிறந்த ஊர், பேசிய மொழி, செய்த தொழில், இங்கே வந்த வருடம், வந்த காரணம். ஐந்து கேள்வி, ஒரு கொப்பி. புத்தளத்துப் பிள்ளையும் எழுத வேண்டும், வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும் எழுத வேண்டும். ஒரே வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

பெற்றோர்களே, "அகதி" என்ற சொல்லையும், சுருள்முடிப் பிள்ளையைக் கேலி செய்யும் "காப்பிரி முடி" என்ற சொல்லையும் வீட்டில் நிறுத்துங்கள். ஹபஷா வழிவந்த பிலால் (ரழி) அவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு இந்தப் பேச்சுப் பேசுவது நமக்கு அழகல்ல.

உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது? தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்றிரவே வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

வஸ்ஸலாம்.